280 டிகிரி: ஒரு கப்பலின் திசையைக் கேட்டுக்கொண்டே இருந்த எம்.பி.

1982 மே 4 அன்று பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சர் ஜான் நாட் காமன்ஸ் சபையில் ஒரு விளக்கம் கொடுத்தார். இரண்டு நாள் முன்பு ஃபாக்லாந்துத் தீவுகளுக்குத் தெற்கே மூழ்கடிக்கப்பட்ட அர்ஜென்டினப் போர்க்கப்பல் ஜெனரல் பெல்கிரானோ பற்றியது அது. பலத்த ஆயுதங்களுடன் வந்த அந்தக் கப்பல் கூட்டம், தீவுகளைச் சுற்றி பிரிட்டன் அறிவித்திருந்த தடை வளையத்தை ஒட்டி இருந்தது, பிரிட்டிஷ் படையை நெருங்கிக்கொண்டிருந்தது, இடையில் சில மணி நேரத் தொலைவுதான் இருந்தது. அவர் சொன்னதன் சாரம் இவ்வளவுதான். அன்றே ஷெஃபீல்டு என்ற பிரிட்டிஷ் கப்பல் ஏவுகணைத் தாக்குதலில் பற்றி எரிந்து 20 பேர் செத்துப்போனார்கள். அதற்கு மேல் பெல்கிரானோவைக் கிளற யாருக்கு மனம் வரும்?

ஒருவருக்கு வந்தது. ஸ்காட்லாந்தின் வெஸ்ட் லோதியன் தொகுதியின் தொழிற்கட்சி எம்.பி., டாம் டீயெல். (எழுத்துப்படி வாசித்தால் டால்யெல் என்றுதான் வரும். அவர்கள் ஊரில் வாசிப்பது இப்படி.) அவர் கேட்டது ஆழமான கேள்வி ஒன்றுமில்லை. சுடப்பட்ட நேரத்தில் அந்தக் கப்பல் எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது? ஒரு மாலுமி திசைகாட்டியைப் பார்த்து ஒரு நொடியில் சொல்லிவிடக்கூடிய பதில். அரசிடமிருந்து முழுப் பதிலை வாங்க இரண்டு வருஷத்துக்கு மேல் ஆனது. அதற்குள் ஒரு மூத்த அதிகாரி குற்றவாளிக் கூண்டில் ஏறி இறங்கியிருந்தார்.

ஆள் யார்

டீயெல் கலகக்காரராகப் பிறந்தவர் அல்ல. பின்ஸ் என்ற பழைய மாளிகையின் வாரிசு. ஈட்டனில் படித்து, கேம்பிரிட்ஜில் கன்சர்வேடிவ் மாணவர் அமைப்புக்கே தலைவராக இருந்தவர். 17ஆம் நூற்றாண்டில் அவருடைய மூதாதை ஒரு தளபதி உருவாக்கிய குதிரைப் படைப்பிரிவில், இவர் கட்டாய ராணுவ சேவையைச் சாதாரணச் சிப்பாயாகச் செய்தார். 1956இல் சூயஸ் மீது பிரிட்டன் படையெடுத்ததைப் பார்த்து வெறுத்துத் தொழிற்கட்சிக்கு வந்தார். கொஞ்ச காலம் பள்ளி ஆசிரியர். 1962 இடைத்தேர்தலில் ஜெயித்து உள்ளே போனவர், 2005 வரை 43 வருஷம் அந்தச் சபையில் இருந்தார். கடைசி நாலு வருஷம் சபையின் மூத்த உறுப்பினர் என்ற மரியாதை இருந்தது. பரம்பரையாக வந்த 'சர்' பட்டத்தை அவர் போட்டுக்கொள்ளவில்லை. அமைச்சர் பதவி ஒருநாளும் கிடைக்கவில்லை.

கிடைக்காததற்குக் காரணம் அவருடைய வேலைமுறை. அதன் முதல் வெள்ளோட்டம் 1966-67இல் நடந்தது. இந்தியப் பெருங்கடலில் அல்டாப்ரா என்ற பவளத்தீவில் விமானத் தளம் கட்ட பிரிட்டிஷ் பாதுகாப்புத் துறை திட்டமிட்டது. அங்கே ராட்சத ஆமைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. உலகில் அந்த இனத்துக்கு அதுதான் இயற்கையான வீடு. விஞ்ஞானிகள் கொதித்தார்கள். டீயெல் அவர்களிடம் பாடம் கேட்டுக்கொண்டு போய் எழுத்துமூலக் கேள்விகளாக அடுக்கினார். செலவு எவ்வளவு, பறவைகள் மோதி விமானம் விழுந்தால் என்ன செய்வீர்கள் என்கிற மாதிரி கேள்விகள்தான், உணர்ச்சிப் பேச்சு கிடையாது. சொந்தக் கட்சி அரசிடம்தான் இத்தனையும் கேட்டார் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1967 நவம்பரில் பவுண்டின் மதிப்புக் குறைக்கப்பட்டது. சிக்கன நடவடிக்கையில் திட்டம் கைவிடப்பட்டது.

இதில் ஒரு கசப்பான பின்குறிப்பும் உண்டு. 1965இல் அல்டாப்ராவோடு சேர்த்து ஒரே நிர்வாகப் பகுதியாக்கப்பட்ட சாகோஸ் தீவுகளில் ஒன்றுதான் தியேகோ கார்சியா. அது அமெரிக்க ராணுவத் தளமானது. 1973க்குள் அங்கிருந்த மக்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டார்கள். ஆமைகளுக்காகக் கேள்வி கேட்க ஆள் இருந்தது; அந்த மக்களுக்காக அதே நேரத்தில், அதே மும்முரத்தோடு கேட்க ஆள் இல்லை.

கேள்வி கேட்கும் கலை

பெல்கிரானோ விவகாரத்தைப் புரிந்துகொள்ள அந்தச் சபையின் ஒரு நடைமுறையைத் தெரிந்துகொள்ள வேண்டும். எழுத்துமூலக் கேள்வியை எந்த எம்.பி.யும் எத்தனை வேண்டுமானாலும் கொடுக்கலாம். ஆனால் அது தகவல் கேட்பதாக இருக்க வேண்டும், வாதம் செய்யக் கூடாது. தேசப் பாதுகாப்பைக் காட்டி அமைச்சர் மறுக்கலாம். மறுத்துவிட்டால் அதே கேள்வியை உடனே திரும்பக் கொடுக்க முடியாது, சபை அலுவலகமே வாங்காது. அதனால் கேள்வியை நறுக்க வேண்டும். 'ஏன் சுட்டீர்கள்' என்றால் ஒரு பத்தி மழுப்பல் வரும். 'இரவு 8 மணிக்குக் கப்பல் எத்தனை டிகிரியில் போனது' என்றால் ஓர் எண் வந்தாக வேண்டும், அல்லது மறுப்பு வர வேண்டும். மறுப்பும் ஒரு தகவல்தான்.

இன்னொரு ஆயுதம் தினமும் சபை கலைவதற்கு முந்தைய அரை மணி நேரம். ஓர் உறுப்பினர் ஒரு பொருளை எடுத்துப் பேசலாம், ஓர் அமைச்சர் இருந்து பதில் சொல்லியே ஆக வேண்டும். வாக்கெடுப்பு கிடையாது. பெரும்பாலும் சபை காலியாகக் கிடக்கும், பத்திரிகைகள் கண்டுகொள்ளாது. ஆனால் அமைச்சர் சொல்வது ஒவ்வொன்றும் சபையின் அதிகாரபூர்வப் பதிவான ஹன்சார்டில் அச்சாகும். டீயெல் அந்தக் காலி நாற்காலிகளை நோக்கிப் பேச அலுக்காதவர்.

கடலில் நடந்தது

முதலில் சண்டைக் களத்தைப் பார்த்துவிடலாம். 1982 ஏப்ரல் 2 அன்று அர்ஜென்டினா ஃபாக்லாந்தைப் பிடித்தது. பிரிட்டன் கப்பற்படையை அனுப்பி, தீவுகளைச் சுற்றி 200 கடல் மைல் தடை வளையம் அறிவித்தது. உள்ளே வந்தால் சுடுவோம் என்று அர்த்தம். வளையத்துக்கு வெளியே இருந்தாலும் ஆபத்தாகத் தெரிந்தால் நடவடிக்கை எடுப்போம் என்று ஏப்ரல் 23 அன்று இன்னொரு எச்சரிக்கையும் போனது. இந்த இரண்டாவது எச்சரிக்கையைப் பிற்பாடு பலர் வசதியாக மறந்துவிட்டார்கள்.

பெல்கிரானோ பழைய கப்பல். அமெரிக்கக் கடற்படையில் ஃபீனிக்ஸ் என்ற பெயரில் இருந்து, 1941இல் பேர்ல் துறைமுகத் தாக்குதலில் தப்பித்து, 1951இல் அர்ஜென்டினாவுக்கு விற்கப்பட்டது. மே 1 அன்றே கான்கரர் என்ற பிரிட்டிஷ் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல் அதைக் கண்டுபிடித்துப் பின்தொடர ஆரம்பித்துவிட்டது. வடக்கே அர்ஜென்டின விமானந்தாங்கிக் கப்பல், தெற்கே பெல்கிரானோ. இரண்டு பக்கமிருந்தும் இடுக்கி மாதிரி நெருக்கப் பார்க்கிறார்கள் என்று படைத்தளபதி சாண்டி வுட்வர்டு கணக்குப் போட்டார். பர்ட்வுட் மேடு என்ற ஆழமில்லாத கடற்பகுதிக்குள் அது புகுந்துவிட்டால் நீர்மூழ்கியால் பின்தொடர முடியாது என்ற பயமும் இருந்தது. மே 2 ஞாயிற்றுக்கிழமை, பிரதமரின் கிராமப்புற இல்லமான செக்கர்ஸில் தாட்சரும் போர்க்கால அமைச்சர்களும் கூடி, வளையத்துக்கு வெளியேயும் சுடலாம் என்று விதியை மாற்றினார்கள். லண்டன் நேரப்படி அன்று இரவு 8 மணி வாக்கில் இரண்டு டார்ப்பிடோக்கள் கப்பலில் பாய்ந்தன. 323 பேர் இறந்தார்கள். அந்தப் போரில் அர்ஜென்டினா இழந்த உயிர்களில் ஏறக்குறைய பாதி இது.

கப்பல் வளையத்துக்கு வெளியே, சுமார் 35 மைல் தள்ளி இருந்தது. அன்று காலையிலேயே திரும்பித் தாயகக் கரையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

நறுக்கிய கேள்வி

டீயெல் இந்தப் போரையே எதிர்த்தவர். மே 20 அன்று தலைமையின் சொல்லை மீறி வாக்களித்த 33 பேரில் அவரும் ஒருவர். கட்சித் தலைவர் மைக்கேல் ஃபுட் அவரை அறிவியல் துறைப் பேச்சாளர் பொறுப்பிலிருந்து தூக்கினார். ஒரு வகையில் அது நல்லதாகப் போயிற்று. முன்வரிசைக் கடமை இல்லாத ஆளுக்கு நேரம் நிறைய.

போர் முடிந்து கான்கரர் ஸ்காட்லாந்துக்குத் திரும்பியபோது, ஒரு நாளுக்கு மேல் பெல்கிரானோவைப் பின்தொடர்ந்த விவரம் வெளியே கசிந்தது. நாட் சொன்ன கதையோடு இது ஒட்டவில்லை. கேள்விகள் தொடங்கின. 1982 நவம்பர் இறுதியில் பாதுகாப்புத் துறை இணையமைச்சர் பீட்டர் பிளேக்கரிடமிருந்து ஓர் எழுத்துமூலப் பதில் வந்தது. மே 2 முழுக்கக் கப்பல் பலமுறை திசை மாற்றியது, டார்ப்பிடோ தாக்கிய நேரத்தில் 280 டிகிரியில் போய்க்கொண்டிருந்தது என்றது பதில்.

திசைகாட்டியில் 270 என்றால் நேர் மேற்கு. 280 என்றால் மேற்கிலிருந்து கொஞ்சம் வடக்கே சாய்ந்த திசை. தென்மேற்கில் இருந்த ஒரு கப்பல் அந்தத் திசையில் போனால் தீவுகளையும் பிரிட்டிஷ் படையையும் விட்டு விலகித்தான் போக முடியும். அமைச்சரவை விளக்கத்தின் 'நெருங்கிக்கொண்டிருந்தது' என்ற சொல் அந்த இடத்தில் உடைந்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால், ஹன்சார்டில் இவ்வளவு தெளிவாக அச்சான பிறகும் அரசு பழைய கதையைத்தான் பேசிக்கொண்டிருந்தது. டிசம்பரில் வந்த அரசின் வெள்ளை அறிக்கை, கப்பல் மே 2 அன்றுதான் கண்டுபிடிக்கப்பட்டது என்றது. 1983 மே மாதம், தேர்தல் நேரத்தில், பிபிசி நிகழ்ச்சியில் டயானா கூல்டு என்ற ஆசிரியை இதே திசைக் கேள்வியைக் கேட்டபோது, ஃபாக்லாந்தை விட்டு அது விலகிப் போகவில்லை என்று தாட்சர் நேருக்கு நேர் மறுத்தார். அந்தப் பெண்மணி விடவில்லை, திசையைத் திரும்பத் திரும்பச் சொன்னார். நாடே பார்த்தது.

1984 மார்ச்சில் டீயெல் புதிய பாதுகாப்பு அமைச்சர் மைக்கேல் ஹெசல்டைனுக்கு விவரமாக ஒரு கடிதம் எழுதினார். ஏப்ரலில் தொழிற்கட்சியின் டென்சில் டேவிஸுக்கு எழுதிய பதிலில் தாட்சர், கப்பல் மே 1 அன்றே கண்டுபிடிக்கப்பட்டதை ஒப்புக்கொண்டார். டீயெலின் கேள்விகளுக்கு மட்டும் பதில் வரவில்லை.

ஏன் வரவில்லை என்பது ஜூலையில் தபாலில் வந்தது. அனுப்பியவர் பெயர் இல்லாத உறை. உள்ளே இரண்டு ஆவணங்கள். ஒன்று, டீயெலுக்கு அனுப்பத் தயாரித்து அனுப்பாமல் விட்ட பதில் வரைவு. இன்னொன்று, நாடாளுமன்றக் குழுவிடம் எதையெல்லாம் சொல்லாமல் தவிர்க்கலாம் என்று ஆலோசனை சொல்லும் உள்குறிப்பு. டீயெல் அவற்றை வெளியுறவுக் குழுவிடம் கொடுத்தார். குழுத் தலைவர், ஆளுங்கட்சியின் ஆந்தனி கெர்ஷா, என்ன செய்தார் தெரியுமா? நேராக ஹெசல்டைனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். அரசைக் கண்காணிக்க வேண்டிய குழு அரசுக்கே துப்புக் கொடுத்த கதை இது. முழு விவகாரத்திலும் என்னை அதிகம் எரிச்சலூட்டும் இடமும் இதுதான்.

அனுப்பியவர் கிளைவ் பாண்டிங். பாதுகாப்புத் துறையில் உயர் அதிகாரி, வீண் செலவைக் குறைத்ததற்காக தாட்சரிடமே பாராட்டு வாங்கியவர். 1911ஆம் ஆண்டு அலுவல் ரகசியச் சட்டத்தின் இரண்டாம் பிரிவில் வழக்குப் போட்டார்கள். (இந்தியாவில் இன்றும் இருக்கும் 1923ஆம் ஆண்டுச் சட்டம் இதன் வழியில் வந்ததுதான்.) நாட்டின் நலன் கருதித் தெரிவிக்கக் கடமைப்பட்ட ஒருவரிடம் தகவல் கொடுத்தால் குற்றமில்லை என்றது அந்தப் பிரிவு. தவறாக வழிநடத்தப்படும் நாடாளுமன்றத்தின் உறுப்பினரைவிட அப்படிப்பட்டவர் யார் என்பது பாண்டிங்கின் வாதம். நாட்டின் நலன் என்பது அன்றைய அரசு எதை நலன் என்கிறதோ அதுதான் என்று நீதிபதி மெக்கோவன் ஜூரிக்கு எடுத்துச்சொன்னார். விடுதலைக்கு இடமே வைக்காத வழிகாட்டல். 1985 பிப்ரவரி 11 அன்று ஜூரி பாண்டிங்கை விடுதலை செய்தது.

அரசும் சும்மா இருக்கவில்லை. அதே மாதம் அமைச்சரவைச் செயலர் ராபர்ட் ஆம்ஸ்ட்ராங், அரசு ஊழியரின் கடமை அமைச்சர்களுக்குத்தான் என்று சுற்றறிக்கை விட்டார். 1989இல் புதிய ரகசியச் சட்டம் வந்தபோது, பாண்டிங் நுழைந்து வெளியே வந்த கதவு அதில் இல்லை.

அவர் தவறிய இடம்

இங்கே டீயெலைத் தலையில் தூக்கிவைத்துவிட்டு முடிக்க ஆசைதான். முடியாது. திசைக் கேள்வியோடு அவர் நின்றிருந்தால் வழக்கு சுத்தமாக இருந்திருக்கும். அவர் அதற்கு மேலே போனார். பெரு நாட்டு அதிபர் பெலாவுந்தே அந்த வாரக் கடைசியில் ஒரு சமாதானத் திட்டத்தை முன்வைத்திருந்தார், அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஹேக் அதில் கூட இருந்தார், பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் பிம் அன்று வாஷிங்டனில்தான் இருந்தார். அந்தச் சமாதானத்தைக் கெடுக்கவே தாட்சர் கப்பலை மூழ்கடித்தார் என்பது டீயெலின் முடிவு. திட்டம் பற்றிய தகவல் லண்டனுக்கு வந்ததே தாக்குதலுக்குச் சில மணி நேரம் கழித்துத்தான் என்றது அரசு. 1985 ஜூலையில் வெளியுறவுக் குழுவின் பெரும்பான்மை அரசுப் பக்கம் நின்றது, தொழிற்கட்சி உறுப்பினர்கள் தனி அறிக்கை கொடுத்தார்கள். டீயெல் சொன்ன உள்நோக்கத்துக்கு உறுதியான ஆதாரம் இன்றுவரை வரவில்லை.

திசைக்கு எண் உண்டு. நோக்கத்துக்கு எண் கிடையாது. அந்த எல்லையைத் தாண்டியதும் அரசுக்கு மூச்சு விட இடம் கிடைத்தது. 'சதிக்கதை பேசுகிறார்' என்று சொல்லி, நிரூபணமான பகுதியையும் சேர்த்துத் தள்ளிவிட முடிந்தது. போதாக்குறைக்குச் சபையில் தாட்சரைப் பொய்யர் என்றார். அந்தச் சொல்லுக்கு அங்கே இடமில்லை, வெளியேற்றப்பட்டார், திரும்ப வந்து திரும்பவும் சொன்னார். சொல்லுக்காக வெளியேற்றினார்கள் என்பது செய்தியானது. எதற்காகச் சொன்னார் என்பது அமுங்கிப்போனது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ராணுவ ரீதியில் திசை பெரிய விஷயமே இல்லை. மேற்கே போகும் கப்பல் பத்து நிமிஷத்தில் கிழக்கே திரும்பும். பெல்கிரானோவின் கேப்டன் எக்டர் போன்சோவே, தன் கப்பல் தாக்கப்பட்டது போர்ச் செயல்தான் என்று பின்னாளில் ஏற்றுக்கொண்டார். 'வெளியேதான் இருந்தது, விலகித்தான் போனது, ஆனாலும் ஆபத்தென்று நினைத்தோம், சுட்டோம்' என்று முதல் வாரமே சொல்லியிருந்தால் பெரும்பாலான பிரிட்டிஷ்காரர்கள் தலையாட்டியிருப்பார்கள். நாட் மே 4 அன்று தெரிந்தே தவறாகச் சொன்னாரா என்பதுகூட உறுதியில்லை. கப்பல் திரும்பிய தகவல் நார்த்வுட் கடற்படைத் தலைமையகத்துக்கு வந்தும் அமைச்சர்களிடம் போகவில்லை என்பது அரசின் பிந்தைய விளக்கம். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். அவசரத்தில் வந்த ஒரு தவறு. உண்மை தெரிந்த பிறகு அதைத் திருத்தாமல் காப்பாற்றப் போனதுதான் ஒரு வாக்கியத்தை மூன்று வருஷ விவகாரமாக்கியது.

உள்நாட்டில் அதே பழக்கம்

வெளிநாட்டு விஷயத்தில் எதிர்க்கட்சி எம்.பி. குடைவது ஆச்சரியமில்லை. அதற்கு ஐந்து வருஷம் முன்பு சொந்த அரசையே அவர் இப்படிக் குடைந்திருந்தார். 1977இல் தொழிற்கட்சி அரசு ஸ்காட்லாந்துக்குத் தனிச் சட்டமன்றம் தரும் மசோதாவைக் கொண்டுவந்தது. நவம்பர் 14 விவாதத்தில் டீயெல் ஒரு முரணை எடுத்து வைத்தார். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்திலிருந்து வரும் 119 உறுப்பினர்கள் இங்கிலாந்தின் உள்விவகாரங்களில் வாக்களிப்பார்கள். தங்கள் பகுதியின் அதே விவகாரங்களில் அவர்களுக்கே வாக்கு இருக்காது. இதை இங்கிலாந்து எத்தனை நாள் பொறுக்கும்? இதற்கு அவர் பயன்படுத்திய உதாரணம் பிளாக்பர்ன். அந்தப் பெயரில் லங்காஷயரில் ஓர் ஊர் உண்டு, அவர் தொகுதியிலும் ஓர் ஊர் உண்டு. லங்காஷயர் பிளாக்பர்னின் பள்ளிக்கூடம் பற்றி அவர் வாக்களிக்கலாம். தன் தொகுதி பிளாக்பர்னின் பள்ளிக்கூடம் பற்றி முடியாது. சக எம்.பி. ஈனாக் பவல் இதற்கு 'வெஸ்ட் லோதியன் கேள்வி' என்று பெயர் வைத்தார். அந்தத் தொகுதியின் பெயரை உலகம் இதனால்தான் தெரிந்துகொண்டது.

1979 மார்ச் 1 அன்று ஸ்காட்லாந்தில் நடந்த மக்கள் வாக்கெடுப்பில் 51.6 சதவீதம் பேர் ஆதரித்தும், மொத்த வாக்காளர்களில் 40 சதவீதம் என்ற நிபந்தனை எட்டப்படாமல் திட்டம் விழுந்தது. அதே மாதம் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் ஒரே வாக்கில் அரசும் விழுந்தது. 1997 வாக்கெடுப்புக்குப் பிறகு ஸ்காட்லாந்துக்கு நாடாளுமன்றம் வந்தேவிட்டது, கேள்வி மட்டும் அப்படியே இருந்தது. அதைக் கேட்காமல் இருப்பதே நல்லது என்றார் அன்றைய சட்ட அமைச்சர் டெரி இர்வின். 2004 ஜனவரியில் இங்கிலாந்தின் பல்கலைக்கழகக் கட்டணத்தை உயர்த்தும் மசோதா ஐந்தே வாக்கு வித்தியாசத்தில் தேறியது, ஸ்காட்லாந்து உறுப்பினர்களின் வாக்கு இல்லாவிட்டால் தேறியிருக்காது. 2015இல் ஒரு நிவாரண நடைமுறை கொண்டுவந்தார்கள், 2021இல் அதையும் தூக்கிவிட்டார்கள். இங்கேயும் டீயெலிடம் குறையுண்டு. கேள்விக்கு அவருடைய பதில், ஸ்காட்லாந்துக்கு ஒன்றுமே தராதே என்பதுதான். அந்தப் பதிலை ஸ்காட்லாந்து மக்கள் ஏற்கவில்லை.

பிற்கால விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 270 பேர் இறந்த 1988 லாக்கர்பி விமான வெடிப்பில் தண்டிக்கப்பட்ட மெக்ராஹி நிரபராதி என்று நம்பி, சபை கலையும் நேரத்து விவாதங்களைத் திரும்பத் திரும்ப எடுத்தார். இராக் மீதான தடைகளையும் 2003 போரையும் எதிர்த்தார். அதே 2003இல் பிரதமர் பிளேரைச் சுற்றி ஒரு யூதக் குழு இருக்கிறது என்கிற மாதிரி பேசி வாங்கிக் கட்டிக்கொண்டார். நோக்கத்தைத் துழாவப் போய் இடறும் அவருடைய பழைய பலவீனம், இம்முறை அசிங்கமான வடிவத்தில் வெளிப்பட்டது. அதற்கு நான் வக்காலத்து வாங்கமாட்டேன். 2017 ஜனவரியில் 84 வயதில் காலமானார்.

பெல்கிரானோவில் ஒரு சின்ன முடிச்சு பாக்கி. கான்கரர் நீர்மூழ்கியின் பயணப் பதிவேடு, அதாவது எந்த மணிக்கு எந்தத் திசையில் எதைப் பார்த்தார்கள் என்று எழுதும் புத்தகம், காணாமல் போய்விட்டதாக 1984 நவம்பரில் ஹெசல்டைன் சபையில் அறிவித்தார். விசாரணை நடந்தது, புத்தகம் கிடைக்கவில்லை. ஹன்சார்டு மட்டும் இருக்கிறது. 1982 மே 4 தேதியில் 'நெருங்கிக்கொண்டிருந்தது' என்று ஒரு வரி, ஏழு மாதத்துக்குள்ளேயே '280 டிகிரி' என்று இன்னொரு வரி.